பச்சை எழுத்தை நம்பிய திங்கட்கிழமை

“சரியாயிருச்சு சார், தொறந்துக்கலாம்.”

முப்பத்தொரு வருட வேலையில் நான் சொன்னவற்றில் எதையாவது திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றால், இந்த மூன்று சொற்களைத்தான் வாங்கிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குச் சொன்னேன். மறுநாள் மதியத்துக்குள் அவற்றின் பலனைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

நம் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து பேசச் சொன்னார்கள். பேசினால் பாதியில் குரல் கம்மிவிடும், எழுதித் தருகிறேன் என்றேன். கட்டளைகளையும் கருவிகளையும் இதில் தேடாதீர்கள். நீங்கள் படித்து முடிப்பதற்குள் அவை மாறியிருக்கும். ஒரு திங்கட்கிழமையைப் பற்றியும், எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த ஒரு பெண்ணைப் பற்றியும்தான் எழுதுகிறேன். அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டாம் என்று ஒருமுறை அவளே கேட்டிருக்கிறாள்.

நான் இங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். வீட்டுக்குப் போகும் நோயாளிகளின் டிஸ்சார்ஜ் சீட்டைத் தட்டச்சு செய்யும் வேலை. தட்டச்சு இயந்திரம் போய்க் கணினி வந்தது, கணினியோடு நானும் வளர்ந்தேன். சர்வர் அறையின் சாவி பதினாறு வருடம் என் இடுப்பில் இருந்தது. பிறகு ஒருநாள், கம்பம், சின்னமனூர், தேனி என்று நம் மூன்று கிளை நோயாளிகளின் கோப்புகளையும் கிளவுடுக்கு மாற்றப் போகிறோம் என்றார்கள். சர்வரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த அறையில் இப்போது வார்டுக்கான போர்வைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், நீங்களே பார்த்திருப்பீர்கள். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. தொட்டுப் பார்க்க ஒரு பெட்டிகூட இல்லாத இடத்தில் என்ன வேலை பார்ப்பது என்று இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

கிளவுடைக் கவனித்துக்கொள்ள ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அந்த நிறுவனத்திலிருந்து எங்களுக்கென்று ஒதுக்கப்பட்டவள்தான் அவள். என்னைவிடப் பதினேழு வயது இளையவள். கட்டப்பனைக்குப் பக்கத்தில் ஏலத்தோட்டத்து நடுவே வீடு, அங்கிருந்தே வேலை. அவளுடைய தாத்தா காலத்தில் உத்தமபாளையத்திலிருந்து மலையேறிய குடும்பம். அதனால் பேச்சு நம் பேச்சுதான், நடுநடுவே மலையாளம் விழும். முதல் நாளே என்னை “சேச்சி” என்றாள். அக்கா என்று கூப்பிட எத்தனையோ பேர் இருந்தார்கள், சேச்சி என்று கூப்பிட அவள் ஒருத்திதான்.

“எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது தாயி” என்றேன் முதல் அழைப்பில்.

“பேடிக்கண்டா சேச்சி. பயப்படாதீக. உங்க ஆஸ்பத்திரி எப்படி ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. நீங்க அதச் சொல்லுங்க, நான் இதச் சொல்லுதேன்.”

அப்படித்தான் நான்கு வருடம் ஓடியது. தினமும் காலையில் அரைமணி நேரம். அவள் பக்கம் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்கும், என் பக்கம் மின்விசிறி சூடான காற்றைக் கிளப்பிக்கொண்டிருக்கும். “கம்பத்துல வெயிலா?” என்று கேட்காமல் அவள் பேச்சைத் தொடங்கியதில்லை. வீடியோவில் பார்த்துக்கொண்டதில்லையா என்று கேட்பீர்கள். அலுவலகக் கணினியில் கேமரா கிடையாது, அவள் வீட்டு இணைப்பு குரலுக்கே திணறும். அது ஒரு குறையாகவும் எங்களுக்குத் தோன்றவில்லை. குரலே போதுமானதாக இருந்தது. போதாமல் போனது பிறகுதான்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. மென்பொருளைப் புதுப்பிக்கும்போது ஏதோ பிசகி, நோயாளிகளின் கோப்புகள் இருந்த வால்யூம் கெட்டுப்போனது. வால்யூம் என்றால் கிளவுடில் நமக்குத் தரும் டிஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் அதன் நகல் ஒன்றை ஸ்னாப்ஷாட்டாக எடுத்து வைப்போம். சனிக்கிழமை எடுத்த ஸ்னாப்ஷாட் பத்திரமாக இருந்தது. அதிலிருந்து புது வால்யூமை உருவாக்கினால் போதும்.

அவளைக் கூப்பிட்டிருக்கலாம். நெடுங்கண்டத்தில் சித்தி மகள் கல்யாணம் என்று விடுப்பில் போயிருந்தாள். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மை அதுவல்ல. தனியாகவே செய்து முடித்துவிட்டேன் என்று மறுநாள் அவளிடம் சொல்லிக்கொள்ள ஆசை. பெருமைக்கு வயது ஒரு தடையில்லை.

சில நிமிடங்களில் புது வால்யூம் வந்துவிட்டது. திரையில் பச்சை எழுத்தில் ‘தயார்’ என்று விழுந்தது. சோதித்துப் பார்க்க ஒரு பழைய நோயாளியின் கோப்பைத் திறந்தேன். முக்கால் நிமிடம் ஆயிற்று. மூடிவிட்டு அதையே மறுபடி திறந்தேன், கண் இமைப்பதற்குள் வந்தது. முதல் தடவை ஏதோ இணைப்புக் கோளாறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நடக்கப்போவது அத்தனையும் அந்த முக்கால் நிமிடத்தில் என் முன்னால் வந்து நின்றது. எனக்குப் பிடித்த பதில் இரண்டாவது தடவையில் கிடைத்ததால் முதல் தடவையை மறந்துவிட்டேன்.

பெரிய டாக்டர் போன் செய்தார். “நாளைக்கு ஓபி நாளுதான். பழைய ஆளுக நெறையா வருவாக. தொறக்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லு.”

அப்போதுதான் அந்த மூன்று சொற்களைச் சொன்னேன்.

மறுநாள் காலை எட்டரைக்கெல்லாம் பதிவுக் கவுண்டரின் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. ஒன்பதுக்குப் பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டது. ஒவ்வொரு கோப்பும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்று எடுத்தது. சில கோப்புகள் வரவே இல்லை. டாக்டர்கள் அறைக்கு அறை மணி அடித்துக்கொண்டிருந்தார்கள். குச்சனூரிலிருந்து விடியும் முன் பேருந்து ஏறி வந்த ஒரு பெரியவர், சர்க்கரை பரிசோதனைக்காக வெறும் வயிற்றில் வந்தவர், கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு யாரோ பன் வாங்கிக் கொடுத்ததைக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தேன்.

மறுபடி முதலிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்தேன். இந்த வால்யூமை அழித்துவிட்டு, அதே ஸ்னாப்ஷாட்டிலிருந்து இன்னொன்றை உருவாக்குவது. பழுதான ஒன்று வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று தோன்றியது. அழிக்கும் பொத்தான் மேல் கை இருந்தபோது, கவுண்டரில் இருபது வருடமாக உட்காரும் தங்கவேல் அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“என்னம்மா இது கூத்து? புதுசா வர்ற ஆளுக்குச் சீட்டு போட்டா சட்டுன்னு ஓடுது. பழைய ஆளு வந்தா தூங்குது. அதுலயும், ஒருத்தரு எக்ஸ்ரேக்குப் போய்ட்டு ரெண்டாவது தடவ வந்தாருன்னா அவரு பேரு ஒடனே வந்துருது. மிஷினு ஆளு பாத்து வேல செய்யுதா?”

நான் பொத்தானிலிருந்து கையை எடுத்தேன். முந்தின நாள் சாயங்காலம் நான் ஒதுக்கித் தள்ளியதை அவர் அப்படியே எடுத்து என் மேசையில் வைத்துவிட்டார். கல்யாண வீடு என்று பார்க்காமல் அவளைக் கூப்பிட்டேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. தங்கவேல் அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“சேச்சி, அழிச்சிட்டீகளா?”

“இல்ல. அழிக்கப் போனேன்.”

“தொடாதீக. தொட்டா இதுவரைக்கும் வந்ததும் போயிரும்.” எங்கேயோ நடந்து போனாள், நாதஸ்வரம் தள்ளிப் போயிற்று. “வால்யூம் கெடல. இன்னும் முழுசா வரல, அதான். ஸ்னாப்ஷாட்டு வேற ஒரு குடோன்ல கெடக்கு. கடையத் தொறந்து பேருப் பலக மாட்டியாச்சு, ஆனா சரக்கு அங்கனதான் இருக்கு. ஆளு வந்து கேட்டாத்தான் ஒண்ணொண்ணா எடுத்துட்டு வருது. ஒருதடவ எடுத்துட்டு வந்தது அப்புறம் கடையிலயே இருக்கும். தங்கவேல் அண்ணன் சொன்னது அதேதான்.”

“அப்ப எல்லாத்தையும் ஒருதடவ எடுத்துட்டு வந்துட்டா?”

“சரியாயிரும். அதுக்கு ஒரு வழி இருக்கு, முழு வால்யூமையும் ஓரத்துலருந்து படிக்கவிடலாம். ஆனா சாயங்காலம் ஆயிரும். அதுவரைக்கும் வாசல்ல நிக்கிறவுகள என்ன செய்யப் போறீக? எது முதல்ல வரணும்னு சொல்லுங்க சேச்சி. அது எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.”

எனக்கும் தெரியாது. தங்கவேல் அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை என்றால் சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், பதினொரு மணிக்கு மேல் டயாலிசிஸ் ஆட்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முன்பதிவுத் தாளைப் பார்த்துப் பாதி, நினைவிலிருந்து பாதி என்று பெயர்களை எழுதித் தள்ளினார். உள்ளே இருந்த நான்கு கணினிகளில் தட்டச்சுப் பிரிவுப் பெண்களை உட்கார வைத்தோம். அவர்கள் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எதையும் தொடாமல் மூடினார்கள். வேறொன்றும் செய்யவில்லை. வரப்போகிறவரின் கோப்பை அவர் வருவதற்கு முன் ஒருமுறை கேட்டு வைத்தோம், அவ்வளவுதான். பத்து மணிக்கு வரிசை நகர ஆரம்பித்தது. பத்தரைக்கு வாசலுக்குள் வந்துவிட்டது.

“இனி முழு வால்யூமையும் பின்னால ஓட விடுங்க. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்” என்றாள். ஓட விட்டேன். அதற்குமேல் கல்யாண வீட்டில் அவளைப் பிடித்து வைக்க மனமில்லாமல் அழைப்பைத் துண்டித்தேன். ஒரு டீ குடித்தேன்.

பதினொன்று பத்துக்கு அவசரப் பிரிவிலிருந்து ஆள் ஓடி வந்தது. சுருளிப்பட்டியிலிருந்து ஒரு பெண், செல்வராணி என்று பெயர், இரண்டாவது பிரசவம். குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது, உடனே அறுவை செய்ய வேண்டும். நான்கு வருடங்களுக்கு முன் முதல் பிரசவமும் இங்கேதான் ஆகியிருந்தது. அப்போது ஏதோ ஒரு மருந்து அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் மூச்சு முட்டிப் பிழைத்திருக்கிறாள். எந்த மருந்து என்று அவளுக்குத் தெரியவில்லை. புருஷன் திராட்சைத் தோட்டத்திலிருந்து கையில் மருந்தடித்த வாடையோடு அப்படியே வந்திருந்தான்.

“டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாக, இது இவளுக்கு ஆகாதுன்னு. சீட்டுல எழுதித் தந்தாக. அந்தச் சீட்டு மாமியா வீட்ல, தேவதானப்பட்டியில கெடக்கு. போன் போட்டா எடுக்க மாட்டேங்குறாக. மயக்க ஊசியா, வேற ஊசியா, எனக்குத் தெரியலையே தாயி.”

பிரசவ டாக்டர் என் அறை வாசலுக்கே வந்துவிட்டார். கையுறை மாட்டத் தயாராக இருந்தார். “பழைய ஃபைல் வேணும். எவ்வளவு நேரம் ஆகும்?”

முன்பதிவில்லாமல் அவசரத்தில் வந்த பெயர். தங்கவேல் அண்ணனின் பட்டியலில் அது இல்லை. எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

“ரெண்டு நிமிஷம் மேடம்.”

அவர் நின்றார். நான் பெயரைத் தட்டினேன். திரையில் சக்கரம் சுற்றியது. இரண்டு நிமிடம் ஆயிற்று. “இந்தா வந்துரும்” என்றேன். மூன்று. நான்கு. அறுவை அரங்கிலிருந்து நர்ஸ் ஒருத்தி வந்து டாக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அந்தப் புருஷன் சுவரில் சாய்ந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தாவது நிமிடத்தில் மறுபடி கல்யாண வீட்டுக்குப் போன் போட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, “இப்ப வேற என்ன ஓடுது சேச்சி?”

அந்தக் கணம் எனக்குப் புரிந்தது. முழு வால்யூமையும் படிக்க நானே ஓடவிட்டிருந்த வேலை பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணின் நான்கு பக்கக் கோப்பு, யாரும் கேட்காத லட்சம் பக்கங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

“நிறுத்துனா இவ்வளவு நேரம் படிச்சது போயிருமா?”

“போகாது. நிறுத்துங்க. மத்தது எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுங்க, கவுண்டரையும்.”

நிறுத்தினேன். தங்கவேல் அண்ணன் கவுண்டரில் எழுந்து நின்று, “யாரும் எதையும் தொடாதீக!” என்று கத்தியது எனக்கு உள்ளே கேட்டது. அதற்குப் பிறகும் கோப்பு துண்டு துண்டாகத்தான் வந்தது. முதல் பக்கம், ரத்த வகை, பிறகு அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு. ஒத்துக்கொள்ளாதது மயக்க மருந்து இல்லை, கிருமிக்குப் போடும் ஒரு ஊசி. டாக்டர் என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு ஓடினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு நிமிடம்.

பெண் குழந்தை. பிறந்ததும் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதது. அதைச் சிசுப் பிரிவில் வைத்தார்கள். தாய் நன்றாக இருந்தாள்.

பிற்பகலில் பிரசவ டாக்டர் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னார்: “உங்க ரெண்டு நிமிஷத்த நம்பித்தான் நின்னேன். தெரியாதுன்னு சொல்லியிருந்தா, வழக்கமாப் போடுற மயக்க ஊசி, கிருமி ஊசி ரெண்டையுமே விட்டுட்டு வேற வழி பாத்திருப்பேன். எனக்கு வேற வழி இருந்துச்சு. உங்க வார்த்தைதான் என்னைய நிறுத்தி வச்சது.”

ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போகும் முன் சிசுப் பிரிவின் கண்ணாடி முன் போய் நின்றேன். ஐந்தாம் நாள் குழந்தையைத் தாயிடம் கொடுத்தார்கள். அன்று அந்தப் புருஷன் என்னைக் கண்டுபிடித்து, “நீங்கதான ஃபைல எடுத்துக் குடுத்தீக” என்று கை கூப்பினான். அந்தக் கும்பிடை வாங்கவும் முடியவில்லை, நடந்ததைச் சொல்லவும் முடியவில்லை. “புள்ளய நல்லாப் பாத்துக்கங்க” என்று மட்டும் சொன்னேன். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வழியில் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியாது. ஆனால் வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையுமாக எந்தச் சிறுமி சாலையைக் கடந்தாலும் அவள் மூச்சு சரியாக இருக்கிறதா என்றுதான் என் மனம் முதலில் பார்க்கிறது.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே, எனக்குக் கற்றுக்கொடுத்தவளிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முந்தின நாள் முக்கால் நிமிடத்தை ஒதுக்கியதையும், அவளைக் கூப்பிடாததன் உண்மையான காரணத்தையும்கூட.

“அது என் தப்பும்தான் சேச்சி. ஓட விடுங்கன்னு சொன்னேன். எப்ப நிறுத்தணும்னு சொல்லல.”

அவள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. யாரும் அவளைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். வேலையில் எனக்கு மேலிருந்தவர்கள் எத்தனையோ பேர், தப்பில் தன் பங்கை இப்படித் தானாக எடுத்துக்கொண்ட ஒருவரை அதுவரை நான் பார்த்ததில்லை. அன்றைக்கே நாங்கள் சிநேகிதிகள் ஆனோம் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு என்ன மாற்றினோம் என்பதை உங்கள் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒன்றும் கெடாதபோதே, ஸ்னாப்ஷாட்டிலிருந்து வால்யூமை எடுத்து ஓட்டிப் பார்க்கும் வழக்கம் அப்போது வந்ததுதான். அவசரப் பிரிவின் கோப்புகளைத் தனி வால்யூமாகப் பிரித்து, அதற்கு மட்டும் முதல் கேள்வியிலேயே முழு வேகம் கிடைக்கும் வசதியை வாங்கி வைத்ததும் அப்போதுதான். கையேட்டில் இல்லாதது ஒன்று உண்டு. வந்துவிட்டது என்பது வேறு, தயார் என்பது வேறு. எவ்வளவு நேரம் என்று டாக்டர் கேட்டால், தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று உடனே சொல்லுங்கள். அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு நொடிதான் ஆகும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேலைக்கான பாடம் இத்துடன் முடிந்தது. மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று இருவருக்கும் தோன்றிவிட்டது. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மேற்கே மலை தெரியும். அதற்கு அந்தப் பக்கம்தான் அவள். “வந்துரு தாயி, சாப்பாடு போடுதேன்” என்பேன். “நீங்க வாங்க சேச்சி, இங்கன வந்தா போர்வை இல்லாம உக்கார முடியாது” என்பாள். இருவருக்கும் ஒரே நாளில் விடுப்பு வாய்ப்பதில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமையைப் பிடித்தோம். நடுவழியில், மலை உச்சியில், எல்லைச் சோதனைச் சாவடி இருக்கும் கம்பம்மெட்டில் சந்திப்பது என்று முடிவாயிற்று.

பன்னீர் திராட்சை இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனேன். நல்ல புடவை ஒன்று கட்டியிருந்தேன். பேருந்து வளைந்து வளைந்து ஏறும்போது என் வயதை நினைத்துச் சிரிப்பு வந்தது. பதினொன்றரைக்கு இறங்கினேன். பச்சைச் சுடிதார் போட்டிருப்பேன் என்று சொல்லியிருந்தாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஜீப்பிலிருந்தும் இறங்குகிறவர்களைப் பார்த்தேன். இருபது நிமிடம் கழித்துப் போன் வந்தது.

“சேச்சி, நான் கெளம்பல.” குரல் நடுங்கியது. அந்தக் குரலில் நடுக்கத்தை நான் கேட்டதே இல்லை. வேறொரு ஊரில், அவள் பார்த்துக்கொள்ளும் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எல்லாம் கெட்டு, ஸ்னாப்ஷாட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அவளுக்கு மேலிருந்தவர் விமானத்தில் இருந்தார். ஆய்வுக்கூடத்தில் நிலைமையைத் தெளிவாகச் சொல்ல ஆளில்லை. “எதை முதல்ல படிக்கணும்னு அவுகளுக்கே சொல்லத் தெரியல. நீங்க ஒரு ஆஸ்பத்திரியில இருக்கிறவுக. எனக்குச் சொல்லுங்க சேச்சி.”

எதிரே கட்டப்பனைப் பேருந்து இன்ஜினை ஓடவிட்டபடி நின்றிருந்தது. ஏறினால் முக்கால் மணி நேரத்தில் அவள் முன்னால் இருப்பேன். ஆனால் அந்தச் சாலையில் தோட்டத்துக்குள் நுழைந்தால் சிக்னல் போய்விடும். அந்த முக்கால் மணி நேரம்தான் அவளுக்குத் தேவைப்பட்டது. நான் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். பேருந்து போய்விட்டது.

காத்திருக்கும் முடிவுகளில் எது ஒரு மணி நேரம் பொறுக்கும், எது பொறுக்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ரத்தம் ஏற்ற வேண்டியவர்களின் வகைப் பொருத்தம் முதலில். பிறகு அவசரப் பிரிவுகளிலிருந்து வந்தவை. கொலஸ்ட்ரால் பார்க்க வந்தவர்கள் திங்கட்கிழமை வரை இருக்கலாம். முழு வால்யூமையும் ஓட விடட்டுமா என்று அவள் கேட்டபோது, “இப்ப வேண்டாம் தாயி” என்றேன். “அதே, அதே” என்று மலையாளத்தில் ஆமோதித்தாள். டீக்கடைக்காரம்மா போனுக்குச் சார்ஜர் கொடுத்தாள். மூன்று டீ குடித்தேன். மஞ்சு என்று அவள் சொல்லும் பனிமூட்டம் இறங்கி, சாவடியின் கம்பிகூடக் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அவள் மூச்சு மெல்ல மெல்லச் சீராவதைக் காதில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாம் சரியாகி அவள் சிரித்தபோது மணி நான்கு. “அடுத்த மாசம் கண்டிப்பா சேச்சி” என்றாள். திராட்சையைக் கடைக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் அவளுடைய அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. அதற்கு அடுத்த மாதம் வேறு நிறுவனம், வெளிநாடு. கொச்சி விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டு, கூட்டச் சத்தத்துக்கு நடுவே ஏதோ சொன்னாள், பாதிதான் கேட்டது. புது எண்ணை அனுப்புகிறேன் என்றாள். எனக்கு வந்து சேரவில்லை. பழைய எண் இப்போது வேறு யாருக்கோ போய்விட்டது. ஒருமுறை கூப்பிட்டேன், ஒரு ஆண் குரல் மலையாளத்தில் யாரென்று கேட்டது. காலையில் அந்த நேரம் வந்தால், ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும்போதுகூட, கம்பத்தில் வெயிலா என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று இருக்கிறது.

அன்று அந்தப் பேருந்தில் ஏறாமல் உட்கார்ந்தது சரிதானா என்று நீங்கள் கேட்டால், சரிதான் என்பேன். மறுபடி அப்படி நேர்ந்தாலும் உட்காருவேன். நீங்களும் உட்காருங்கள். எனக்கு ஆறாதது அது இல்லை.

வேலை முடிந்தது நான்கு மணிக்கு. கட்டப்பனைக்கு நான்கரைக்கு இன்னொரு பேருந்து இருந்தது. அதை நான் பார்த்தேன். பலகையைப் படித்தேன். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால், களைத்துப்போயிருக்கும் பிள்ளை அடுப்புப் பற்றவைக்க ஓடுமே, இன்னொரு நாள் நிதானமாக வரலாம் என்று நினைத்தேன். கம்பம் பேருந்து வந்ததும் அதில் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்ததே என்று உட்கார்ந்துகொண்டேன்.